நீல டப்பாவில் பதினோரு கவர்கள்

மார்ச் 4, 2019, திங்கள்

மழை. லாண்டரிக் கடையில் இன்று முழுக்க ஓட்டல் துண்டுகள். முந்நூற்றுப் பன்னிரண்டு மடித்தேன். யாரோடும் பேச வேண்டி வரவில்லை. நல்ல நாள்.

அக்கா மாரென் மூன்றாவது சாயங்காலமாகச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பில் ஒரு படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். கடற்படைக் கப்பல் யார்டில் அவளுடைய நான்கு வருஷப் பயிற்சி முடிந்துவிட்டது. இனி நிரந்தர எலக்ட்ரீஷியன் ஆக கிளியரன்ஸ் வேண்டும். இவளை நம்பி நீர்மூழ்கிக்குள் விடலாம் என்று அரசாங்கம் சொல்ல வேண்டும். இப்போது கையில் இருப்பது தற்காலிகம்தான்.

என்னவெல்லாம் கேட்கிறார்கள். பத்து வருஷத்தில் இருந்த வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் அவளைப் பார்த்துப் பழகிய ஒருவர் பெயர், அம்மா இப்போது இருக்கும் முகவரி. "அலாஸ்கான்னு மட்டும் போட்டா ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

டெல் துளைபோடும் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வழக்கம்போல வாணலியிலிருந்தே உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றார். டெல்பர்ட் குயின் என்று முழுப்பெயர். யார்டில் இருபத்தாறு வருஷம். தினமும் காலையில் மாரெனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர். கடன் பற்றிய கேள்வி வந்ததும் மேஜை மேல் குனிந்தார்.

"பழைய பாக்கி எதாச்சும் இருந்தா இந்த வாரமே கட்டித் தீத்துட்டு இல்லைன்னு போட்டுரு. தீந்துபோச்சுன்னா இல்லைதானே. யார்டுல பாதிப்பேரு அப்படித்தான் செய்யுறாங்க."

"இப்ப இருக்கான்னு கேக்கல டெல். ஏழு வருஷத்துல எப்பவாச்சும் வசூல் கம்பெனி கைக்குப் போச்சான்னு கேக்குது. பாதிப்பேரு கேள்விய ஒழுங்காப் படிக்கல."

"உனக்கென்ன. நூலகத்துப் புஸ்தகத்தக்கூட தேதி தவறாம திருப்பிக் குடுக்கிறவ."

"அதான் எனக்கு இந்தப் பக்கம் சுலபம்" என்று சொல்லி, இல்லை என்ற கட்டத்தை அழுத்தினாள். விரலைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

டப்பா அங்கேயேதான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், வைத்துவிட்டேன்.

மார்ச் 7, வியாழன்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பதினைந்து வயதில் குடல்வால் வெடித்தது. இரண்டு நாளாக வலித்தது. வகுப்பில் கையைத் தூக்கி, எல்லாரும் திரும்பிப் பார்க்க, வலிக்கிறது என்று சொல்லக் கூச்சம். மூன்றாம் நாள் சொல்ல அவசியமே இருக்கவில்லை, விழுந்துவிட்டேன். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு நான் ஒழுங்காகப் போகவே இல்லை. பதினாறு ஆனதும் மாரென் கையெழுத்துப் போட்டு நிறுத்திவிட்டாள். அம்மா எங்களை விட்டு அலாஸ்காவுக்குப் போனதிலிருந்து எனக்குக் கார்டியன் அவள்தான். ஆஸ்பத்திரி பில்லும் அவள் பெயருக்குத்தான் வந்தது.

முதல் பில் வந்த அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்துக்கு மேலே அழுகை கேட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பேசினாள். இன்சூரன்ஸ் மறுபடி பார்க்கும் என்றார்களாம். முகம் தெளிந்து சூப் வைத்தாள். அத்தோடு முடிந்தது என்று நம்பிவிட்டாள்.

முடியவில்லை. அடுத்த கடிதம் வந்தபோது அவளுக்குப் பரீட்சை. தபால் பதினொன்றரைக்கு வரும், வீட்டில் இருப்பவள் நான். பரீட்சை முடியட்டும் கொடுக்கலாம் என்று பட்டர் பிஸ்கட் இருந்த நீல டப்பாவுக்குள் வைத்தேன். பரீட்சையில் அவள் இரண்டாவது. அன்றைக்கு எப்படிக் கொடுப்பது? அப்புறம் அடுத்த கவர். அதற்கடுத்தது. நாலாவதிலிருந்து ஆஸ்பத்திரி பெயர் போய் வசூல் கம்பெனி பெயர் வந்தது. மொத்தம் பதினொன்று. கடைசியில் எழுதியிருக்கும் தொகை எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து டாலர்.

போனும் வந்தது. "மாரென் ஹால்வர்சன் இருக்காங்களா?" "அப்படி யாரும் இங்க இல்லைங்க." முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் தடுமாறாமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். ஆறு தடவை சொன்னேன்.

லாண்டரிச் சம்பளத்தில் ஆயிரத்து நூற்று அறுபது டாலர் சேர்த்துவைத்திருக்கிறேன். முழுசும் சேர்ந்ததும் அவளுக்குத் தெரியாமலே கட்டிவிடலாம் என்று.

என்ன கணக்கு இது சிக்னி. எத்தனை வருஷம் ஆகும்?

மார்ச் 9, சனி

டெல் வண்டியில் ஹார்டுவேர் கடைக்குப் போனோம். நான் பின்சீட்டில். டெல் மாரெனை எட்டு என்றுதான் கூப்பிடுவார். "எட்டு, அந்தக் கதவ நல்லாச் சாத்து."

அந்தப் பெயர் வந்த கதை எனக்கு அலுப்பதே இல்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். யார்டில் நீர்மூழ்கியைப் படகு என்றுதான் சொல்வார்கள்; படகுக்குள் கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும் எண்ணிக் கொண்டுபோய் எண்ணி வெளியே கொண்டுவர வேண்டும். போன நவம்பரில், நன்றிநாள் விருந்துக்கு முந்தின நாள், மாரென் எட்டு நட்டுகளோடு உள்ளே போனாள். வேலை முடிந்து எண்ணினால் ஏழு. யாரும் பார்க்கவில்லை. பையில் உபரியாக ஒன்று கிடந்தது, அதைப் போட்டுக் கணக்கை நேர் செய்திருக்கலாம். அவள் நேராக மேஸ்திரியிடம் போய், ஒண்ணைத் தொலைத்துவிட்டேன் என்றாள். அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். நாற்பது பேர் வான்கோழி வாங்கப் போக முடியாமல் தரையில் தவழ்ந்து தேடினார்கள். ஆறு மணிக்குக் கேபிள் தட்டின் அடியில் கிடைத்தது.

அன்றைக்கு அவளைத் திட்டாத ஆள் இல்லை. அந்த நாற்பது பேரும்தான் இப்போது, இவள் வேலை பார்த்த படகென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கடலுக்கடியில் போவேன் என்கிறார்களாம். டெல் சொன்னார். மாரென் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குக் காது சிவக்கும். எனக்குத் தெரியும்.

அப்புறம் டெல் பேச்சுவாக்கில் இன்னொன்று சொன்னார். விவாகரத்தில் நாற்பதாயிரம் கடனாகிப்போன ஒருத்தன் அத்தனையையும் படிவத்தில் எழுதினான். மாசாமாசம் கட்டும் ரசீதையும் காட்டினான். இன்னும் வேலையில் இருக்கிறான். இன்னொருத்தனுக்கு வெறும் தொள்ளாயிரம். வெட்கப்பட்டு இல்லை என்று போட்டான். போய்விட்டான்.

"கடன் இருக்கிறவனை எதிரி நாட்டுக்காரன் விலைக்கு வாங்கலாம்னு பயப்படுவாங்க. சரி, அதுக்கு வழி இருக்கு, கட்டிக்கலாம். இந்தச் சின்ன விஷயத்துக்கே மறைக்கிறவன் பெரிய விஷயத்துக்கு என்ன பண்ணுவான்னு நெனச்சுட்டா அதுக்கு எந்த ரசீதக் காட்டுறது?"

பின்சீட்டில் நான் தொள்ளாயிரத்தையும் எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 13, புதன்

படிவத்தை அனுப்பிவிட்டாள். கையெழுத்துக்கு மேலே இருந்த பத்தியை அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். எனக்குத் தெரிந்தவரை எல்லாம் உண்மை, தெரிந்தே பொய் சொன்னால் சிறைத்தண்டனை வரை போகும் என்று இருந்தது.

டெரியாக்கி கோழி வாங்கி வந்து கொண்டாடினாள். தன் பங்கிலிருந்து கருகின துண்டுகளை எனக்கு எடுத்து வைத்தாள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

மார்ச் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொல்லவில்லை, டப்பாவை மேஜையில் வைத்தேன்.

பிஸ்கட் என்று நினைத்துத் திறந்தாள்.

ஒவ்வொரு கவராக எடுத்து, முத்திரைத் தேதியைப் பார்த்து, வரிசையாக அடுக்கினாள். வயர்களை நிறவாரியாகப் பிரிப்பாளே, அப்படி. பிறகுதான் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது கடிதத்தில், வருமானம் குறைவாக இருந்தால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள். மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அவள் சிரிக்காமலே இருந்திருக்கலாம்.

"போன் வந்துச்சா?"

தலையாட்டினேன்.

"நீ எடுத்தியா?"

"அப்படி யாரும் இல்லைன்னு சொன்னேன்."

"நான் இல்லைன்னா சொன்ன?"

அவ்வளவுதான் கேட்டாள். மழையில் வெளியே போய் ஒரு மணி நேரம் விறகு பிளந்தாள். எங்களுக்கு அவ்வளவு விறகு தேவையே இல்லை. நான் ஜன்னல்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். போய்த் தடுக்கவும் தைரியம் இல்ல, உக்காரவும் முடியல. அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. இவ யாரையும் அடிக்கவும் மாட்டா.

நாலு மணிக்கு டெல் ஏதோ வாங்க வந்தவர் விறகுக் குவியலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மாரென் மறைக்கவில்லை, சொன்னாள். அவர், என்னிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது, ஒரே தடவையில் கட்டிவிடு, படிவத்தைப் பற்றி வாயைத் திறக்காதே என்றார். உனக்குத் தெரியாமல் நடந்தது, யாரும் குற்றம் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவருக்கு மூன்று பெண்கள், கல்லூரியில் இரண்டு. அந்த மனுஷன் பணம் தருகிறேன் என்றது பெரிய விஷயம்.

மாரென் கோடாலியைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது டெல். தெரியாம எழுதினது தப்பு, அவ்வளவுதான். இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் சும்மா இருந்தா, இந்த நிமிஷத்துலேருந்து அது பொய்."

"தற்காலிகத்தைப் புடுங்கிருவாங்க, எட்டு. யார்டு வேலிக்கு வெளிய நிக்க வெச்சிருவாங்க. திரும்ப வராமலே போகலாம்."

"தெரியும்."

டெல் போன பிறகு என்னிடம் வந்து, சூப் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

மார்ச் 18, திங்கள்

யார்டின் பாதுகாப்பு ஆபீஸ் ஏழு மணிக்குத் திறக்கும். ஆறே முக்காலுக்கே வாசலில் நின்றாளாம், டப்பாவோடு. அங்கே திருமதி ப்ரூவெட் என்று ஒரு பெண்மணி. பதினோரு கவர்களையும் நகல் எடுத்துக்கொண்டு, படிவத்தில் தவறு இருப்பதாக மாரென் தன் கையால் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, "நாங்க கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி யாராவது வந்து சொல்றது இந்த வருஷத்துல இதுதான் முதல் தடவை" என்றாராம். சொல்லிவிட்டு, உள்ளே போகக் காட்டும் பேட்ஜைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

புதிய பேட்ஜ் வேறு நிறம். அதை வைத்து வேலியைத் தாண்ட முடியாது.

மார்ச் 20, புதன்

அவளைப் போட்டிருக்கும் கிடங்கு வேலிக்கு வெளியே, எங்கள் தெருவிலிருந்து ஏழு நிமிஷ நடை. கையுறைகளை அளவுவாரியாக எண்ணிக் கட்டுகிறாள். படகுகளுக்கு வயர் போட்ட கை.

படகுக்குள் இருந்தவரை காலையில் போனால் சாயங்காலம்தான் பார்ப்பேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, வேலி வாசலிலேயே அணைத்துப் பூட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும், மதியம் வெளியே வரவும் முடியாது. இப்போது பதினொன்றரைக்கு வீட்டுக்கே சாப்பிட வருகிறாள். நான் கடைக்குப் போவது ஒன்றரைக்கு. இரண்டு பேருக்கு டியூனா ரொட்டி செய்து வைத்தேன். தபால்காரரும் அவளும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள். அவர் என் பக்கம் நீட்டிய கவர்களை நான் அவளிடம் காட்டினேன். வெட்கமாக இருந்தது. "பிரி" என்றாள். மின்சார பில்.

மார்ச் 26, செவ்வாய்

கிடங்கில் எல்லாருக்கும் அவளே சொல்லிவிட்டாளாம், எதற்காக வெளியே வந்திருக்கிறேன் என்று. அரைகுறையாகத் தெரிந்து பேசுவதற்கு முழுசாகத் தெரிந்து பேசட்டும் என்றாள். ஒருத்தர் அவளைப் பார்த்து, கையுறை எட்டு ஜோடி இருக்கா சரியா எண்ணு என்றாராம். எண்ணிவிட்டு, ஒன்பது இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாளாம்.

ஏப்ரல் 5, வெள்ளி

வசூல் கம்பெனியோடு அவள் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். குரலை உயர்த்தவே இல்லை. "ஆமாங்க, நான்தான் மாரென் ஹால்வர்சன். ஆமா, அது என் கடன்தான்." மாசம் இருநூறு என்று ஒப்பந்தம். என் ஆயிரத்து நூற்று அறுபதைக் கொண்டுவந்து வைத்தேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். எண்ணி எடுத்துக்கொண்டு, உன் பேரில் கட்டியதாக ரசீதில் எழுதச் சொல்கிறேன் என்றாள். சந்தோஷமாக இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் விண்ணப்பம் எழுதினாள், இப்போதும் கேட்கலாமாம்.

ஏப்ரல் 24, புதன்

விசாரணை அதிகாரி ஒருவர் இன்று அவளை ஆபீஸில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேட்டார். கிட்ரிஜ் என்று பெயர். சாப்பிட வந்தபோது மெதுவாகத்தான் மென்றாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தொகை, தேதி, ஒப்பந்தம்.

"கடிதம் எப்படிக் கண்ணுல படாம போச்சுன்னு கேட்டாரா?"

"ம்."

"என்ன சொன்ன?"

குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

"அந்த சமயத்துல தபால சரியாக் கவனிக்கலன்னு சொன்னேன்."

"அது..."

"என் வீட்டுத் தபால் பெட்டி, சிக். நான் கவனிக்கலதானே."

எழுந்து போய்விட்டாள். ரொட்டியில் பாதி அப்படியே இருந்தது.

அவ எனக்காகப் பொய் சொல்லிட்டா. நாற்பது பேரு முன்னாடி தலையக் குனியாதவ என் முன்னாடி பூட்ஸப் பாத்துக் குனிஞ்சுட்டா. ஏன்? நான் பேசுற ஆள் இல்லன்னு. என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு. வகுப்புல கையத் தூக்க முடியாதவளுக்காக.

ஏப்ரல் 25, வியாழன்

இரண்டு துண்டைக் கிழித்துவிட்டேன் கடையில். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி நானே போய்ச் சொன்னேன். முதலாளியம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். நான் அவரிடம் பேசி மூன்று வாரம் ஆகிறதாம்.

ஏப்ரல் 27, சனி

காலையில் அவள் தோட்டத்தில் இருந்தாள். முட்டைக்கோஸ் நாற்று. பக்கத்தில் போய் நின்றேன். எத்தனை நேரம் நின்றேனோ, என்ன என்று அவளே கேட்டாள்.

"உன்கிட்ட ஏழுதான் இருக்கு" என்றேன்.

"என்ன ஏழு?"

"நட்டு. ஒண்ணு கொறையுது. நீ உபரிய வெச்சுக் கணக்க நேர் பண்ணிட்டு வெளிய வந்துட்ட."

நிமிரவில்லை. கையில் மண் அப்படியே இருந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அல்லது வேண்டாம் என்பாள் என்று.

நாற்றைச் சுற்றி மண்ணை அழுத்திக்கொண்டே சொன்னாள், "நான் சொன்னா அந்த ஆளு உன்கிட்ட வருவாரு சிக். நான் பக்கத்துல இருக்க முடியாது. நீதான் பேசணும், அவர் முகத்தப் பாத்து."

"தெரியும்."

"முடியுமா?"

"தெரியல."

அவள் சிரித்தாள். ஆறு வாரத்துக்குப் பிறகு அவளுடைய நிஜச் சிரிப்பு. "தெரியலன்னாவது ஒழுங்காச் சொன்னியே" என்றாள்.

ஏப்ரல் 29, திங்கள்

ஏழு மணிக்கு கிட்ரிஜுக்குப் போன் செய்தாள். நான் உங்களிடம் சொன்ன ஒரு விஷயம் சரியில்லை, என் தங்கையைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்று. குரல் ஒரு இடத்தில் உடைந்தது, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒருத்தி என் அக்கா என்று தெருவில் போகிறவர்களைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் பிடித்தாலும் சொல்லமாட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறாராம்.

மே 1, புதன்

நாளைக்கு. வயிறு சரியில்லை. குடல்வால் இல்லை, அது போய்விட்டது.

மே 2, வியாழன்

வந்தார். மழையில் நனைந்த ஷூவை வாசலிலேயே கழற்றினார். ஒரு காலுறை கறுப்பு, இன்னொன்று கருநீலம். நான் கார்டியன் பொறுப்பில் இருக்கும் சின்னப் பெண் என்பதால், சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம் என்றார். விருப்பம் என்று தலையாட்டினேன். மாரென் டெல்லின் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது, அவள் முகம் தெரியவில்லை. அவளே பார்த்து அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருப்பாள்.

முதல் கேள்விக்கு எதுவும் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. காபி குடித்தார். நான் அந்தக் காலுறைகளைப் பார்த்தேன். பிறகு காலுறைகளிடம் பேச ஆரம்பித்தேன். குளியலறைக் குழாய், பரீட்சை, டப்பா, அப்படி யாரும் இல்லை என்று சொன்ன ஆறு தடவை. பாதி வழியில் தலையைத் தூக்கிவிட்டேன். எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை.

"இதையெல்லாம் சொல்லச் சொல்லி உன் அக்கா சொன்னாங்களா?"

"இல்லைங்க. அவ என்னை மறைச்சா. நான்தான் அவகிட்டச் சொன்னேன், தப்புன்னு."

"நீ மறைச்சு வெச்சது அவங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மார்ச் பதினேழு. ஞாயிறு. பதினெட்டாந்தேதி காலைல ஆறே முக்காலுக்கு அவ ஆபீஸ் வாசல்ல நின்னா."

"ஏன் மறைச்ச?"

இதற்கு ஒன்றும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. "அவ சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வர்றது எனக்குப் பிடிக்கும்" என்றேன்.

அதை எழுதிக்கொண்டார். அதையும் எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை.

நாற்பது நிமிஷம். முடிவு என் கையில் இல்லை, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது என்றார். அக்கா ஒரு பொய் சொன்னதும் இதில் எழுதப்படும், திருத்தியதும் எழுதப்படும். இரண்டையும் வைத்துத்தான் யாரோ யோசிப்பார்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு, காபிக்கு நன்றி சொன்னார்.

மாரென் உள்ளே வந்தாள். என் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். நான் ஒரு தட்டு நிறைய முட்டை பொரித்துத் தின்றேன். இரண்டு நாளாக எதுவும் இறங்கவில்லை.

மே 30, வியாழன்

ஒன்றும் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து பதில். தொகையில் கிட்டத்தட்டப் பாதியைத் தள்ளிவிட்டார்கள். கவரை நான்தான் பிரித்தேன். இப்போது எல்லாக் கவரையும் நான்தான் பிரிக்கிறேன். பிரித்து, தேதி போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தில் மாட்டுகிறேன். அவள் வந்ததும் முதலில் அங்கேதான் பார்க்கிறாள்.

ஜூலை 11, வியாழன்

யார்டுக்குப் புதிதாக ஒரு படகு வந்திருக்கிறது. கிடங்கின் ஜன்னலிலிருந்து அதன் முதுகு மட்டும் தெரிகிறதாம். சாப்பிடும்போது சொன்னாள், அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வேறொரு யார்டில், கிளியரன்ஸ் தேவைப்படாத மீன்பிடிப் படகுகளில், வேலை இருக்கிறதென்று டெல் சொல்லியிருக்கிறார். சம்பளம் குறைவு. செப்டம்பர் வரை பார்ப்பேன் என்றாள்.

நான் மட்டும் அன்னைக்கே அந்த முதல் கவரக் குடுத்திருந்தா.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வசூல் கம்பெனியிலிருந்து போன். நான் எடுத்தேன். "நான் சிக்னி ஹால்வர்சன், அவங்க தங்கச்சி. மாரென் வேலைல இருக்காங்க. பணம் ஒண்ணாந்தேதி அனுப்பிட்டோம், ரசீது நம்பர் வேணுமா?" வேண்டுமாம். சொன்னேன். போனை வைத்துவிட்டு ரசீதை மறுபடி காந்தத்தில் மாட்டினேன்.

மாரெனிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் மெல்லுவதையே நிறுத்திவிட்டாள். பிறகு, நம்பரைச் சரியாகச் சொன்னாயா என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். காது சிவந்தது. அவளுக்கு.

ஆகஸ்ட் 29, வியாழன்

மூன்று நாளில் செப்டம்பர். அந்த மீன்பிடி யார்டின் விண்ணப்பத்தை எடுத்து வந்திருக்கிறாள். மேஜையில் கிடக்கிறது. முதல் பக்கம் மட்டும் நிரப்பியிருக்கிறாள். அதிலும் கடன் உண்டா என்று எங்கோ கேட்டிருக்கிறார்கள். உண்டு என்று போட்டு, மீதித் தொகையை சென்ட் வரைக்கும் எழுதியிருக்கிறாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வெயில் நல்ல வெயில். காலையில் டெல் வண்டி வந்தது, ஏறிப் போனாள், எப்போதும் போல.

பதினொன்றே காலுக்கு டியூனா ரொட்டி இரண்டு செய்தேன், அவளுடையதில் வெங்காயம் கூடுதலாக. பதினொன்றரைக்குத் தபால்காரர் வந்தார். கடைகளின் விளம்பரம்தான், ஒன்றும் இல்லை. பதினொன்று நாற்பதுக்கு வாசலில் போய் நின்றேன். தெரு முனை வரைக்கும் யாரும் இல்லை. பன்னிரண்டுக்கு அவள் போனுக்குக் கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை, நேராக அணைத்து வைத்திருக்கிறது என்ற குரல்தான் வந்தது. அவள் போனை அணைப்பதே இல்லை. கிடங்கில் மேஜை மேலேயே கிடக்கும்.

வேலிக்கு உள்ளே படகுக்குப் போகிறவர்கள் போனை எங்கே அணைத்து, பூட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு என் ரொட்டியைச் சாப்பிட்டேன். அவளுடையதையும் சாப்பிட்டேன், அத்தனை வெங்காயத்தோடு. ஒன்றரைக்குக் கடைக்குக் கிளம்பினேன்.